செருப்பு அலமாரித் திறப்பு விழா

மைக்கைத் தொட்டதும் சங்கரசுப்புவின் விரல் நுனியில் சுருக்கென்றது.

எறும்பு என்று முதலில் நினைத்தான். எறும்பாக இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடுத்த நொடி ஆசைப்பட்டான். சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மைக்கின் கழுத்தில் வைத்தான். டெஸ்டருக்குள் மங்கலாக ஒரு சிவப்பு வெளிச்சம் எரிந்தது. மைக்கில் கரண்டு கசிகிறது.

மணி எட்டேகால். ஒன்பதுக்கு ஆராதனை. பிஷப் ஐயாவின் கார் பனவடலிசத்திரம் தாண்டிவிட்டது என்று குருவானவர் இப்போதுதான் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அந்த பிஷப் ஐயாதான் இன்னும் சற்று நேரத்தில் சிமெண்டுப் பிரசங்க பீடத்தில் ஏறி, வெறுங்காலோடு நின்று, இந்த மைக்கைப் பிடிக்கப் போகிறார்.



சங்கரன்கோவிலில் பதினெட்டு வருடமாக சங்கரசுப்பு மைக்செட் கடை வைத்திருக்கிறான். கரண்டுத் தொழில் செய்கிறவர்களில் அவனைப் போல் கரண்டுக்குப் பயப்படுகிறவன் தென்காசி மாவட்டத்திலேயே கிடையாது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு காலில் இல்லாமல் ஒரு பல்பைக் கூடக் கழற்ற மாட்டான். அம்மன் கோயில் கொடைக்குப் போனாலும், கடையநல்லூரில் பள்ளிவாசல் விழாவுக்குப் போனாலும், ஆம்ப்ளிஃபயரை வெளியே பந்தலில் வைத்துக்கொள்வான். கும்பிடுகிற இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஒயரைத் தொடுகிற இடத்தில் செருப்பைப் போட வேண்டும். இரண்டும் ஒரே இடமாக இருந்ததில்லை. இன்றைக்குத்தான் இருந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வருவது இந்தப் பக்கத்துத் தேவாலயங்களில் பழக்கம்தான். ஆனால் மழை, முழங்கால் வலி, புது ஷூ என்று ஆளாளுக்கு ஒரு சாக்கு வைத்திருந்தார்கள். போன வருடம் புதுக் குருவானவர் வந்தார், சாக்கெல்லாம் போயிற்று. மணி அடிப்பதும் பெருக்குவதுமாக இருந்த கோயில்குட்டியார் சுவிசேஷமுத்து, கையில் விளக்குமாற்றோடு வாசலில் நின்று ஒவ்வொரு காலாகப் பார்க்க ஆரம்பித்தார். வாசலில் குவிந்த செருப்புகளுக்காக ஐந்து தட்டு இரும்பு அலமாரி ஒன்று செய்து, கல்வெட்டும் பதித்து, ரிப்பனும் கட்டியாயிற்று. அதைத் திறந்து வைக்கத்தான் பிஷப் வருகிறார். முதல் ஜோடியாகத் தன் ஷூவை மேல் தட்டில் அவர் வைப்பார். பிறகு அதே விஷயத்தைப் பற்றிப் பிரசங்கம்.

"மைக்குல கரண்டு அடிக்கி, மாத்தணும்" என்று சொல்லிவிட்டால் முடிந்துபோகிற காரியம்தான். ஆனால் சொல்ல வாய் வராது. போன தை மாதம் சிவகிரியில் ஒரு கல்யாண வீட்டில் வாழ்த்திப் பேச எழுந்த பெண்ணின் தாய்மாமன், மைக்கைப் பிடித்ததும் வாழ்த்தாமல் துள்ளினார். துள்ளி முடித்ததும் நேராக வந்து சங்கரசுப்புவின் கன்னத்தில் ஒன்று வைத்தார். அதற்குப் பிறகு நாலு மாதம் கடைக்கு ஈ கூட வரவில்லை. இந்த ஆர்டர் கிடைத்ததே, அந்தப் பழைய செட்டைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன், புது செட்டோடு வருகிறேன் என்று குருவானவரிடம் கையடித்துச் சொன்னதால்தான்.

புது செட் இருந்தது உண்மை. அது இப்போது வாசுதேவநல்லூரில் ஒரு சடங்கு வீட்டில் பாடிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இரண்டு இடத்துக்கு ஒத்துக்கொண்டது அவன் மனைவி ராஜகுமாரி. இங்கே பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சிவகிரித் தாய்மாமனைத் துள்ளவைத்த அதே ஆம்ப்ளிஃபயர். புது பெயிண்ட் அடித்திருந்தான்.

"தாய்மாமனுக்காவது ஐம்பது வயசு" என்று அவன் மனம் கணக்குப் போட்டது. "பிஷப் ஐயாவுக்கு அறுபத்தஞ்சு. ஒரு உதறு உதறினா தாங்குவாகளா?"

மைக்செட்காரர்களுக்குத் தெரிந்த முதல் வைத்தியம், இரண்டு முள் பிளக்கைப் பிடுங்கி, முள் இடம் மாறத் திருப்பிச் சொருகுவது. பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். பூச்சாடி வைக்கிற மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் குத்தவைத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினான். திருப்பிச் சொருகினான். சுவரிலிருந்தது தாத்தா காலத்து சாக்கெட். அதற்குச் சுவிட்சும் கிடையாது. உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. பிளக்கின் ஒரு முள் வளைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது.

டெஸ்டரை வைத்துப் பார்த்தான். முன்னே மங்கலாக எரிந்தது இப்போது பளிச்சென்று எரிந்தது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுப் பார்த்தான். அப்போதும் எரிந்தது. மறுபடி போட்டுவைத்தான். பிளக்கை இழுத்தான், வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான், சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அதற்கு மேல் இழுக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"சங்கரசுப்பு, எல்லாம் சரியா இருக்கா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குருவானவர்.

"ஜோரா இருக்குய்யா."

"புது செட்டுதானே?"

"பெயிண்டு கூட இன்னும் காயலை" என்றான். அதில் பொய் எதுவும் இல்லை.

அவர் போனதும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து மைக்கின் தலையிலிருந்து தண்டு வரை சுற்று சுற்றென்று சுற்றினான். டெஸ்டர் அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் குருவானவர் திரும்பி வந்துவிட்டார்.

"இது என்ன கட்டு? மைக்குக்கு அடிபட்டிருக்கா?"

"சத்தம் கிண்ணுனு வரும்யா."

"போட்டோவில் பிஷப் முகத்துக்கு முன்னால் கறுப்பா இது நிக்குமே. பழைய செட்டைக் கொண்டுவந்து ஒப்பேத்தியிருக்கோம்னு பார்க்கிறவங்க நினைக்க மாட்டாங்களா? எடுத்துருங்க."

அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரசுப்பு ஸ்டூலில் ஏறி நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, டேப்பைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. புது செட்டுக்கு இவ்வளவு பக்தியா என்று குருவானவர் நினைத்திருக்க வேண்டும், தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இனி ஒரே வழிதான். மைக்கை ஒன்றும் செய்ய முடியாது. பிஷப்பின் காலுக்குக் கீழே ரப்பர் வைத்துவிட வேண்டும்.

சங்கரசுப்பு வாசலுக்கு ஓடினான். ஐந்து தட்டு அலமாரி ரிப்பனுக்குப் பின்னால் காலியாக நின்றது. திறப்பு விழா முடிகிறவரை அதில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்பதால் செருப்பெல்லாம் வேப்பமரத்தடியில் குவிந்திருந்தன. நீல வார் ஜோடியைத் தேடி எடுத்துச் சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் சொருகிக்கொண்டான். ஒரு திருடனைப் போல் உள்ளே நடந்தான். பீடத்தில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தைத் தூக்கி, மைக்குக்கு நேர் கீழே இரண்டு செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கம்பளத்தை மூடினான். தட்டித் தட்டிச் சமமாக்கினான். சமமாகவில்லை.

"அங்கன என்னவே தடவுதீரு?"

கோயில்குட்டியார் விளக்குமாற்றோடு நின்றார். சங்கரசுப்பு பதில் சொல்வதற்குள் கம்பளத்தின் நுனியைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

இரண்டு பேரும் சற்று நேரம் அந்த நீல வார் ஜோடியைப் பார்த்தார்கள்.

"இது என்ன?"

"செருப்பு, அண்ணாச்சி."

"யாரு செருப்பு?"

"என் செருப்புதான்."

"எங்க கெடக்கு?"

சங்கரசுப்பு குனிந்து செருப்பை எடுக்கப் போனான்.

"முப்பத்தோரு வருசமா மணி அடிக்கேன். செருப்போட வந்தவனைப் பாத்திருக்கேன், சாராயத்தோட வந்தவனைப் பாத்திருக்கேன். பிரசங்க பீடத்துல செருப்பைப் போட்டு மெத்தை விரிச்சவனை இன்னைக்குத்தான் பாக்கேன். பிஷப் ஐயா உம்ம செருப்பு மேல ஏறி நின்னுக்கிட்டு, செருப்பைக் கழத்துங்கன்னு எங்களுக்குப் பிரசங்கம் பண்ணணுமா?"

"அண்ணாச்சி, ஒரு விசயம் சொல்லுதேன், கோவப்படாதீக. அந்த மைக்குல..."

"நீரு ஒண்ணும் சொல்லாண்டாம். இந்தக் கிராதியைத் தாண்டி இனி உம்ம காலு உள்ள படப்படாது. பட்டுச்சுன்னா இப்பவே குருவானவரைக் கூப்பிடுவேன்."

சங்கரசுப்பு, பீடத்துக்கு முன்னால் தடுப்பாக இருந்த கிராதிக்கு வெளியே தள்ளப்பட்டான். அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. செருப்புப் பட்ட கம்பளம் இனி ஆகாது என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார் கோயில்குட்டியார். ஸ்டூலையும் எடுத்துப் பூச்சாடியை அதன் மேல் வைத்தார். பிறகு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பீடத்தின் சிமெண்டுத் தரையை நன்றாக, மூன்று தடவை, கழுவிவிட்டார்.

ஈரத் தரை. கம்பளம் இல்லை. வெறுங்கால். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பார்ப்பதுபோல் சங்கரசுப்பு அந்த மைக்கைப் பார்த்தான். தாய்மாமன் உலர்ந்த தரையில் நின்றே அரை அடி உயரம் துள்ளினார். இது துள்ளலோடு போகிற காரியமில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. நாளைக்குப் பேப்பரில் வரும். போலீஸ் வரும். பிஷப்பைக் கொன்றவன் என்று ராஜகுமாரியையும் பிள்ளைகளையும் ஊரே விரல் நீட்டிப் பேசும். 

அந்த நேரத்தில் வெளியே கார் வந்து நின்றது.

பிஷப் இறங்கினார். பெரிய உடம்பு, மெதுவான நடை, சிரித்த முகம். கத்தரிக்கோல் நீட்டினார்கள், ரிப்பனை வெட்டினார். நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்து கறுப்பு ஷூக்களைக் கழற்றித் தன் கையாலேயே மேல் தட்டில் வைத்தார். கைதட்டல் முடிய வெகுநேரம் ஆனது. வெள்ளைக் காலுறையோடு மெல்ல நடந்து, பக்கவாட்டு வாசல் வழியாக அங்கி மாற்றும் வெஸ்ட்ரிக்குள் போனார். பின்னாலேயே டிரைவர் ஒரு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

வெஸ்ட்ரி. சங்கரசுப்புவுக்குப் பொறி தட்டியது. மெயின் போர்டு அந்த அறையில்தான் இருக்கிறது. ஒரு ஃபியூஸைப் பிடுங்கினால் போதும். செட் செத்துவிடும், பிஷப் பிழைத்துக்கொள்வார். ஆர்டரும் போகும், மானமும் போகும். போகட்டும் என்று ஓடினான்.

வெஸ்ட்ரிக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது. வெளியே டிரைவர் முதுகைக் கொடுத்து நின்றான். அவன் பெயர் இசக்கித்துரை என்று சட்டைப் பையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

"தம்பி, கொஞ்சம் வழி விடுங்க. உள்ள மெயின் போர்டுல ஒரு வேலை கெடக்கு."

"ஐயா அங்கி மாத்துதாக. அந்நேரம் யாரும் உள்ள போகப்படாது. கண்டிசன்."

"ஒரு நிமிசம்தான்."

"குருவானவரையே விடலை அண்ணாச்சி. என் வேலை போயிரும்."

"தம்பி, உசுரு போற காரியம்."

"யாரு உசுரு?"

உங்க ஐயா உசுரு என்று எப்படிச் சொல்வது? 

"என் உசுரு" என்றான்.

இசக்கித்துரை அவனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கிடுங்க" என்றான்.

பத்து நிமிடத்தில் மணி அடித்தது. வெஸ்ட்ரிக் கதவு திறந்து, சிவப்பும் வெள்ளையுமான அங்கியில் பிஷப் வெளியே வந்தார். அங்கியின் விளிம்பு தரையைக் கூட்டிக்கொண்டே வந்தது. பாடகர்களும் குருவானவரும் சூழ்ந்துகொள்ள, ஊர்வலம் கோயிலுக்குள் நுழைந்தது. டிரைவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

சங்கரசுப்பு உள்ளே வந்து முன் தூணோரம் நின்றான். கோமதியம்மனை வேண்டினான். இது யார் வீடோ அவரையும் வேண்டினான். பாட்டு நடந்தது, ஜெபம் நடந்தது, அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை. பிஷப் பீடத்தில் ஏறுகிறபோது கத்திவிட வேண்டும். "தொடாதீக" என்று ஒரே ஒரு சொல். அவ்வளவுதான். கன்னத்தில் எத்தனை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பிஷப் பீடத்தின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறினார். சங்கரசுப்பு வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது.

பிஷப் மைக்கின் கழுத்தைப் பிடித்தார்.

சங்கரசுப்பு கண்ணை மூடிக்கொண்டான்.

"பிரியமானவர்களே" என்று ஒலிபெருக்கி சொன்னது. நிதானமான, கனிவான குரல்.

கண்ணைத் திறந்தான். பிஷப் ஒரு கையால் மைக்கின் தலையையும் மறு கையால் தண்டையும் பிடித்து, தன் உயரத்துக்கு இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கசிவு தானாக நின்றுவிட்டதா? அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

எரிந்தும் கருகாமல் நின்ற முட்செடியின் முன்னால், செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மேய்ப்பன் குரல் கேட்ட கதையை பிஷப் சொன்னார். "செருப்பு என்ன? நமக்கும் மண்ணுக்கும் நடுவில் நாம் போட்டுவைத்திருக்கிற பயம். முள்ளுக்குப் பயம், சூட்டுக்குப் பயம். தேவ சந்நிதியில் அதைக் கழற்றும்போது, பயத்தையும் சேர்த்துத்தான் கழற்றி வைக்கிறோம்." அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டே இருபது நிமிடம் பேசினார். சங்கரசுப்புவுக்கு இது தனக்கென்றே சொன்னது போலிருந்தது.

"இப்போது உங்கள் குருவானவர் ஜெபிப்பார்" என்று பிஷப் ஓரமாக நகர்ந்தார்.

குருவானவர் ஏறி வந்து மைக்கைப் பிடித்தார்.

"எங்கள் பரம பி... யம்மா" என்று ஒலிபெருக்கி அலறியது. அவர் கை உதறிய உதறலில் மைக் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் தெருவில் நாய்கள் குரைத்தன. கோயில்குட்டியார் ஓடிப்போய் எடுத்தார். அவரும் துள்ளினார். மைக் மறுபடி விழுந்தது.

பிஷப் குனிந்து அதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டாண்டில் பொருத்தினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

 முன் வரிசையில் ஒரு பெண் மெல்ல முழங்காலில் நின்றாள். பின்னால் ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

"ஐயா" என்றார் கோயில்குட்டியார் நடுங்கிக்கொண்டே. மைக் பக்கத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவர் குரல் ராஜபாளையம் ரோடு வரை கேட்டது. "போன வெள்ளிக்கிழமை மழைக்குச் செருப்போட வந்து மணி அடிச்சிட்டேன் ஐயா. அதான் என்னைத் தள்ளிருச்சு."

"நானும் ராத்திரி விளக்கை அணைக்கச் செருப்போடுதான் வருவேன்" என்றார் குருவானவர் தரையைப் பார்த்துக்கொண்டு. அதுவும் ரோடு வரை கேட்டது.

சங்கரசுப்புவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கிராதியைத் தாண்டினான். யாரும் தடுக்கவில்லை. மைக் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் கையை நீட்டினான். காலில் செருப்பில்லை என்பதும் தரை ஈரம் என்பதும் தொட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

கை ஒட்டிக்கொண்டது. உள்ளங்காலிலிருந்து பிடரி வரை மொத்த உடம்பும் அதிர்ந்தது. கத்த நாக்கு புரளவில்லை. செத்தோம் என்று நினைத்தான். பிஷப்பைக் கொல்லாமல் தான் சாகிறோமே என்று அந்த நிலையிலும் ஒரு சின்ன நிம்மதி வந்தது.

யாரோ அவன் தோளைப் பிடித்தார்கள். பிஷப். இரண்டு வெறுங்கைகளாலும் அவனைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாகப் பின்னால் இழுத்தார். ஒயரும் ஆம்ப்ளிஃபயரும் கூடவே இழுபட்டு, சுவரில் மாட்டியிருந்த பிளக் சாக்கெட்டோடு பெயர்ந்து வந்தது. செட் அடங்கியது.

சங்கரசுப்பு தரையில் கிடந்து மேலே பார்த்தான். கரண்டு அடிக்கிறவனைத் தொட்டால் தொட்டவனுக்கும் அடிக்கும். பதினெட்டு வருடத்தில் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். இந்த மனிதர் தொட்டார், அசையவில்லை. அதுவரை அவனுக்கிருந்த பயம் கரண்டுப் பயம். இப்போது வந்தது வேறு பயம். 

ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரி வாசலில் காத்துக்கிடந்து, தனியாக இருந்த பிஷப்பிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினான். பழைய செட், பெயிண்ட், பிளக், கம்பளத்துக்குக் கீழே செருப்பு. "கொலைகாரப் பாவியா ஆகியிருப்பேன்யா" என்று அழுதுகொண்டே அவர் காலில் விழப் போனான்.

பிஷப் பதறிப் பின்னால் நகர்ந்தார். "வேண்டாம், வேண்டாம். கால் வேண்டாம்" என்று இரண்டு கையாலும் அங்கியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கரண்டு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவர் முகம் வெளிறியிருந்தது. "கரண்டா? நிஜமாகவே கரண்டா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு தன் பாதத்தின் பக்கம் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி அந்த செட்டை எங்கேயும் கொண்டுபோகாதீர்கள்" என்றார் மெதுவாக. "மற்றது நம் இருவரோடு இருக்கட்டும். யாரிடமும் சொல்ல வேண்டாம்."

என்ன பணிவு என்று சங்கரசுப்பு மலைத்துப்போனான். இத்தனை பெரிய அதிசயத்தைச் செய்துவிட்டு வெளியே சொல்லாதே என்கிறார்.

வாசலில் கூட்டம் செருப்பைத் தேடவில்லை. அலமாரியின் மேல் தட்டிலிருந்த கறுப்பு ஷூக்களைச் சுற்றி நின்று, தொடாமல், பார்த்துக்கொண்டிருந்தது. கோயில்குட்டியார் சங்கரசுப்புவின் நீல வார் ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினார். "சத்தம் போட்டுட்டேன், மனசுல வச்சுக்கிடாதீரும்" என்றார்.

சங்கரசுப்பு அதை வாங்கிக் காலில் போடவில்லை. அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிட்டான்.

டிரைவர் இசக்கித்துரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஷூவை எடுக்க வந்தான். "நான் கொண்டாரேன் தம்பி" என்று சங்கரசுப்பு முந்திக்கொண்டு, இரண்டு கையிலும் ஷூக்களை ஏந்தி, வேப்பமரத்தைத் தாண்டி நின்ற கார் வரை வெறுங்காலோடு நடந்தான். காலில் குத்திய சரளைக்கல் கூட அவனுக்கு இதமாக இருந்தது.

"உங்க செருப்பு எங்க அண்ணாச்சி?"

"விட்டுட்டேன் தம்பி. இனி எனக்கு எதுக்கு? பயந்து பயந்து பதினெட்டு வருசம் போச்சு. நாளைக்கு சிவகிரியில ஒரு வேலை, மூணு பேஸ் லைன். ஐயா மாதிரி வெறுங்காலோட, சாமியை நெனைச்சுக்கிட்டு, நேரா ஒயரைப் பிடிக்கப்போறேன்."

இசக்கித்துரையின் கையிலிருந்த மஞ்சப்பை நழுவப் பார்த்தது. கூட்டம் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். சங்கரசுப்புவின் தோளைப் பிடித்துக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய், அந்தப் பையை அவன் கண்ணுக்கு நேரே பிரித்துக் காட்டினான். உள்ளே கனத்த அடியோடு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, ஈரம் காயாமல் இருந்தது.

"சாகத் திரியாதீக அண்ணாச்சி. சுகர் கால், தரையில படப்படாதுன்னு டாக்டர் கொடுத்ததை நான்தான் அங்கிக்குள்ள மாட்டிவிட்டேன். இன்னைக்கு அந்தக் கோயிலுக்குள்ள செருப்போட நின்னது ஐயா ஒருத்தருதான்."